ஒரு மணிக்குச் சாயும் பொழுது

நாகானோ, ஜப்பான்
5 அக்டோபர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெய் ஜினேந்திரா. நான் நலம். சர்க்கரை எவ்வளவு, பாதத்தில் எரிச்சல் குறைந்ததா, ஊசியைக் காலையும் மாலையும் தவறாமல் போடுகிறாயா? இந்த மூன்றுக்கும் முதலில் பதில் எழுது, அப்புறம் திட்டு.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து அண்ணன் வந்தால்தான் அவன் போனில் உன் முகத்தைப் பார்க்க முடிகிறது. நான் வாயசைக்கிறேன், நீ தலையாட்டுகிறாய், அண்ணி நடுவில் புகுந்து "அங்க ரொம்பக் குளிரா?" என்கிறாள். மூன்று வருடமாக ஒரே கேள்வி. உனக்குக் காது போன பிறகு நாம் பேசிக்கொள்வதெல்லாம் இந்தக் காகிதத்தில்தான்.

இன்றைக்கு முதியோர் இல்லத்தில் எனக்கு விடுமுறை. கடைத்தெருவுக்குப் போனேன், பேருந்தை விட்டுவிட்டேன், மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் ஒரு பழைய வியாபாரியின் வீடு. உள்ளே இரண்டே அறையில் ஒரு சின்ன அருங்காட்சியகம். எல்லாம் இந்த ஊர்ப் பழங்காலத்துக் கடிகாரங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனால் என்னைத் தவிர ஆளே இல்லை. காவலுக்கு இருந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம், கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

அம்மா, நம் கடிகாரத்தில் ஒரு மணி என்றால் எந்த மாதமும் ஒரே அளவுதான். இங்கே நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு வரை அப்படி இல்லையாம். சூரியன் கிளம்பி மறைகிற வரை பகல், அதை ஆறாகப் பிரிப்பார்கள். மறைந்து கிளம்புகிற வரை இரவு, அதுவும் ஆறு. கோடையில் பகல் வேளை ஒவ்வொன்றும் நீளம், குளிர்காலத்தில் குட்டை. நடுப்பகலுக்கு ஒன்பது தரம் மணி அடிக்கும். பிறகு எட்டு, ஏழு. ஆறு அடித்தால் பொழுது சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு கடிகாரத்தில் பித்தளைக் கூட்டின் உச்சியில் குறுக்காக ஒரு பற்சட்டம் ஆடுகிறது, அதன் இரண்டு முனையிலும் குட்டி எடைகள். விடியும்போது ஒரு தடவையும் இருட்டும்போது ஒரு தடவையும் யாராவது வந்து எடைகளைத் தள்ளிவைக்க வேண்டும். அப்போதுதான் பகலுக்கு ஒரு வேகமும் இரவுக்கு ஒரு வேகமுமாக ஓடும்.

இன்னொன்று சுவரில் தொங்குகிறது. அதற்கு முகமே கிடையாது. ஓர் எடை மெதுவாகக் கீழே இறங்குகிறது, பக்கத்தில் வேளைகளைக் குறித்த பட்டை. பதினைந்து நாளைக்கு ஒரு முறை பட்டையை மாற்றுவார்களாம், பகல் நீள்வதற்கும் குறைவதற்கும் தகுந்தபடி.

உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை வாயில் போடாத சமண வீட்டிலிருந்து வந்தவளுக்கு, சூரியன் சொன்னபடி கேட்கிற கடிகாரத்தைப் பார்த்தால் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருக்காதா? ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தும் வரை அங்கேயே நின்றிருந்தேன். ஐந்தரைப் பேருந்தைப் பிடித்து அறைக்கு வந்தேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. நானும் இங்கே பொழுதோடு சாப்பிட்டுவிடுகிறேன். இன்று ஐந்து இருபதுக்குச் சாய்ந்தது, அதற்குள் முடித்தாயிற்று.

உன் மகள்,
சன்மதி


அருகன் துணை
திண்டிவனம்
22.10.2025

சிரஞ்சீவி சன்மதிக்கு அம்மா எழுதிக்கொண்டது.

உன் கடிதம் பதினாறு நாள் ஊர் சுற்றிவிட்டு நேற்று வந்தது. கேட்ட மூன்றுக்கும் பதில்: சர்க்கரை நூற்று எண்பது. எரிச்சல் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகிறது. ஊசி இரண்டு வேளையும் போடுகிறேன். "என்ன ஆனாலும் ஊசியை மட்டும் விடக் கூடாதும்மா" என்று டாக்டர் எழுதிக் காட்டியிருக்கிறார். நான் எழுத்துக்குக் கட்டுப்பட்டவள்.

இங்கே மழை. பக்கத்து வீட்டுச் சவுரியம்மாள் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை சலிக்கப் போகிறவள், மடியில் ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தாள். கடலையை வறுத்தேன். உனக்குப் பிடிக்குமே என்று நினைத்தேன், அதற்குமேல் இறங்கவில்லை.

மேற்படி கடிகாரங்களைப் பற்றி நீ எழுதியதை நான்கு தடவை படித்தேன். உன் அப்பா பத்திரம் எழுதின காலத்தில் நகல் எடுத்து எடுத்து எனக்கு எதையும் வரிவரியாகப் படிக்கிற பழக்கம். அந்த ஊர்க்காரர்களுக்கு நல்ல புத்தி இருந்திருக்கிறது. பொழுதுக்குத் தகுந்தபடிதான் மணி, மணிக்குத் தகுந்தபடி பொழுது இல்லை. நல்ல புத்தியை ஏன் விட்டார்கள் என்று அந்த அம்மாளைக் கேட்டாயா?

ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. அக்டோபரிலேயே ஐந்து இருபதுக்குச் சாய்ந்தால் மார்கழியில் என்ன கதி? நான்கு மணிக்கே இருட்டிவிடாதா? அதற்குப் பிறகு மறுநாள் விடிகிற வரை பச்சைத் தண்ணீரா? அந்தக் குளிரில், ஆளைத் தூக்கி இறக்குகிற வேலையில், என் பெண் பதினைந்து மணி நேரம் வெறும் வயிறு. நான் இங்கே ஐந்தரை மணி வரை உட்கார்ந்து நிதானமாகக் கேப்பை அடை தின்கிறேன். வெட்கமாக இருக்கிறது சன்மதி.

எனக்கு ஓர் உதவி செய். நீ எழுதினாயே, பதினைந்து நாள் பட்டை. அதுபோல அங்கே பொழுது சாயும் நேரத்தை எழுதி அனுப்பு. அந்த நேரம் திண்டிவனத்தில் எத்தனை மணி என்பதையும் பக்கத்தில் போடு. எதற்கு என்று கேட்காதே. காது கேட்காதவளுக்கு வேறென்ன பொழுதுபோக்கு?

கம்பளிக் காலுறையைக் கழற்றாதே.

அம்மா


நாகானோ
8 நவம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெய் ஜினேந்திரா. நூற்று எண்பது நல்லதும் இல்லை, மோசமும் இல்லை. நடக்கிறாயா? தெருக்கோடி வரைக்குமாவது நட.

உன் பட்டைக்காகவே மறுபடி அந்த அருங்காட்சியகத்துக்குப் போனேன். காவல் அம்மாளுக்கு என்னை ஞாபகம் இருந்தது. என் அம்மா கேட்டாள் என்று சொன்னதும் சுவர்க் கடிகாரத்தின் பட்டை ஒன்றைக் கழற்றிக் கையிலேயே கொடுத்துவிட்டாள். இந்தியாவில் ஒரு தாய் எங்கள் ஊர்ப் பொழுதைக் கேட்கிறாளா என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டையின் அளவுக்கே கெட்டிக் காகிதம் வெட்டி, பஞ்சாங்கத்தைப் பார்த்து நேரங்களைச் சொன்னாள். நான் தமிழில் எழுதினேன். உறைக்குள் இருக்கிறது பார். நவம்பர் 22க்கு இங்கே நாலு முப்பத்துநாலு, உனக்கு ஒன்று நாலு. டிசம்பர் 7க்கு இங்கே நாலரை, உனக்கு ஒரு மணி. வருடத்திலேயே அதுதான் சீக்கிரம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீளும்.

எதற்கு என்று கேட்க மாட்டேன். நான் எப்போது வேலையை முடிக்கிறேன், எப்போது உட்காருகிறேன் என்று அங்கிருந்தே மேற்பார்க்கப் போகிறாய், அவ்வளவுதானே?

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. மேற்பார்வை அம்மாளிடம் சொல்லியிருக்கிறேன், நாலு மணிக்கே என்னைச் சாப்பிட அனுப்பிவிடுகிறாள். நல்லவள். சோறு, கீரை, தயிர். வெங்காயம், பூண்டு ஒன்றும் கிடையாது. இதைப் பற்றி இனி எழுதவே வேண்டாம், சரியா?

ஜனவரி 25ஆம் தேதி முதியோர் பராமரிப்புத் தேர்வு. மூன்று வருடம் வேலை பார்த்தால்தான் எழுதவிடுவார்கள். தேறிவிட்டால் இங்கே நிரந்தரம், உன்னையும் அழைத்துக்கொள்ளலாம். படித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் மகள்,
சன்மதி


அருகன் துணை
திண்டிவனம்
24.11.2025

சிரஞ்சீவி சன்மதிக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

பட்டை வந்தது. உன் எழுத்து இப்போதுதான் உருப்பட்டிருக்கிறது. அடுக்களைச் சுவரில் ஒட்டியாயிற்று.

முந்தாநாள் மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போய் வந்தேன். சுவாமி சன்னிதியில் சின்னதாக ஒரு விரத நியமம் எடுத்துக்கொண்டேன். சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன். அண்ணனிடம் எதையாவது கேட்டு அவனைக் கிளப்பிவிடாதே. அவன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான், பன்னிரண்டரைக்கு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், மூன்று மணிக்குக் கிளம்பிப் போய்விடுகிறான். பாவம், அவனுக்கு ஆயிரம் வேலை.

நன்றாகப் படி.

அம்மா


நாகானோ
9 டிசம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெய் ஜினேந்திரா. ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியாக இல்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. அண்ணனைக் கேட்டால் "அம்மா எங்கூட நல்லாத்தான் சாப்டாங்க, உனக்கு எப்பவும் ஒரு கவலை" என்கிறான். என்ன நியமம் எடுத்தாய்? பால் விட்டுவிட்டாயா? நெய்யா? ஒரு பக்கம் எழுதுகிறவள் ஏன் இந்தத் தடவை எட்டு வரியோடு நிறுத்திவிட்டாய்?

இங்கே பனி கொட்டுகிறது. நான் நன்றாக இருக்கிறேன், நாலரைக்குள் சாப்பாடு முடிந்துவிடுகிறது.

இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் எழுது. உடனே எழுது.

சன்மதி


திண்டிவனம்
டிசம்பர் 20

சன்மதி பாப்பாவுக்கு பக்கத்து வூட்டு சவுரியம்மா எழுதுறது.

ஏசுவுக்கு தோத்திரம். நாங்க எல்லாரும் சொகம். உங்கம்மா சொகமா இல்ல, அதான் எழுதுறேன். எனக்கு லெட்டரு எழுதிப் பழக்கம் இல்ல, பேசுற மாதிரியே எழுதிக்கினு போறேன், தப்பா எடுத்துக்காத. உன் லெட்டரு பின்னால இருந்த இங்கிலீசு அட்ரச எம்பொண்ணு அமலா பாத்து எழுதிக் குடுத்தா.

செவ்வாக்கெழம காலையில உங்க வூட்டு வாசல்ல பால் பாக்கெட்டு அப்படியே கெடந்துச்சி. குசுமாக்கா அஞ்சரைக்கெல்லாம் எடுத்துருவாங்களே, இன்னா ஆச்சுன்னு போய்ப் பாத்தா, பாத்ரூம் வாசல்ல வுழுந்து கெடக்குறாங்க. ஒடம்பெல்லாம் தண்ணி ஊத்துன மாதிரி வேர்வ. பல்லு கிட்டிக்கினு இருக்குது. எனக்கு கையி காலு ஓடல. வெல்லத்த ஒடச்சி கன்னத்துக்குள்ள அடக்கிட்டு ஆம்புலன்சுக்கு போன் போட்டேன். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கினு போனோம். சக்கர முப்பத்தெட்டாம். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா கோமாதான்"னு அந்த டாக்டரு பொண்ணு சொல்லிச்சி.

ரெண்டு நாளு அங்கயே நான்தான் இருந்தேன். கடைசியா எப்ப சாப்ட்டீங்கன்னு டாக்டரு எழுதிக் காட்டுனா, ராத்திரி சாப்ட்டேன்னு பொய் சொல்றாங்க பாப்பா. ஜெயின்காரங்க ராத்திரி துண்ண மாட்டாங்கன்னு எனக்கே தெரியும், அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா? வூட்டுக்கு வந்தப்புறம் நான் சிலேட்ட எடுத்து, உண்மைய சொல்லு இல்லன்னா தெருவே கூடுற மாதிரி கத்துவேன்னு எழுதிக் காட்டுனேன். அப்பறந்தான் சொவத்துல ஒட்டியிருக்குற காகிதத்தக் காட்டுனாங்க. ஒரு மணின்னு செவப்பு பேனாவுல சுழிச்சி வெச்சிருக்காங்க.

எம்பொண்ணு ஊருல ஒரு மணிக்கு பொழுது சாயுது, அதுக்கு மேல அவ பட்டினி கெடக்குறா, எனக்கு மட்டும் இன்னா சாப்பாடுன்னு கேக்குறாங்க. நீ திரும்பி வர்ற வரைக்கும் உன் பொழுதுதான் அவங்க பொழுதாம். கோயில்ல நியமம் எடுத்தாங்களாம். மத்தியானம் ஒரு மணிக்கு மேல பச்சத் தண்ணிதான். சாயங்காலம் ஊசிய மட்டும் கரெக்டா போட்டுக்குறாங்க, டாக்டரு வுடாதன்னாராம். வெறும் வயித்துல ஊசி! நான் தலையில அடிச்சிக்கினேன்.

உன் நம்பரு எங்கிட்ட இல்ல, உங்கண்ணன் சுதீஷு தம்பி நம்பருதான் இருக்குது. ஆனா அவன்கிட்ட சொல்ல மாட்டேன்னு என் பைபிள எடுத்தாந்து அது மேலயே சத்தியம் வாங்கிட்டாங்க. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்க மறந்துட்டாங்க. அதான் ஜல்தியா எழுதிட்டேன். ஞாயித்துக்கெழம தம்பி வந்தா ஊசி ஏத்துன தழும்பு தெரியாம முழுக்கை ரவிக்க போட்டுக்குவாங்க, பாரு.

நான் இன்னா சொன்னாலும் கேக்கல. என் அடுப்புல மீன் கொழம்பு கொதிச்சா அந்த வாசனைக்கே ஜன்னல சாத்துற மனுஷி, ஆனா எனக்கு ஒண்ணுன்னா மொதல்ல ஓடியாறவங்க. பயமா கீது பாப்பா. நீ எதனா பண்ணு.

சவுரியம்மா


நாகானோ
4 ஜனவரி 2026

அம்மா,

சவுரியம்மா அக்காவின் கடிதம் நேற்று வந்தது. பதினான்கு நாள் வழியில் கிடந்திருக்கிறது. அந்தப் பதினான்கு நாளும் நீ ஒரு மணியோடு நிறுத்திக்கொண்டிருக்கிறாய். அவளைத் திட்டாதே. திட்டினால் உன் மூஞ்சியில் விழிக்க மாட்டேன்.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். இன்று காலை அவன் திண்டிவனம் வந்தான், உனக்கு முன்னால் போனைப் பிடித்தான். நான் ஒரு காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினேன்: "நான் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு." படித்துவிட்டு நீ சிரித்தாய் அம்மா. "என்னைச் சாப்பிட வைக்கப் பொய் சொல்றா. எம்பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல" என்று அண்ணனிடம் சொன்னதை நான் கேட்டேன். விழுப்புரத்துக்கு வா என்று அவன் கெஞ்சினான், அந்த வீட்டில் இருட்டிய பிறகு உலை வைக்கிறார்கள் என்று சொல்லி மறுத்துவிட்டாய். அவன் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தான்.

அதனால் நீ நம்பும்படி எழுதப் போகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

இங்கே வந்த மூன்று வருடத்தில் நான் பொழுதோடு சாப்பிட்டது முதல் பத்தொன்பது நாள் மட்டும்தான். எனக்கு மதியம் ஒரு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை வேலை. சாப்பாட்டு இடைவேளை ஏழு மணிக்கு. நாலு மணிக்கு அனுப்புகிற நல்ல மேற்பார்வை அம்மாள் யாரும் கிடையாது, அவளை நான் உனக்காக உண்டாக்கினேன். இருபதாம் நாள் ஒரு பெரியவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது எனக்குக் கண் இருட்டிவிட்டது. அவரையும் இழுத்துக்கொண்டு விழுந்தேன். அவர் நெற்றியில் நான்கு தையல். அவர் என்னிடம்தான் மன்னிப்புக் கேட்டார்.

அன்றிரவு வேலை முடிந்து வரும்போது மூலைக்கடையில் ஒரு சோற்று உருண்டை வாங்கினேன். பசி. உறையில் எழுதியிருந்ததைப் படிக்க எனக்கு அப்போது தெரியாது. இரண்டாவது கடியில் உள்ளே இருந்தது வாயில் பட்டது. மீன். மீன் என்று தெரிந்தது அம்மா. துப்பவில்லை. முழுவதையும் தின்றேன். தின்றுவிட்டு இன்னொன்று வாங்கினேன். அதற்குள்ளும் மீன்தான்.

மறுபடி மீன் தொட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்குச் சாப்பிட்டிருக்கிறேன். அதைவிட மோசம், ஒவ்வொரு கடிதத்திலும் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். கடிகாரத்தைப் பற்றி எழுதி, பட்டையையும் என் கையாலேயே எழுதி அனுப்பினேன். அந்தப் பட்டையைக் கிழித்துப் போடு. உன்னை யார் கொன்றார்கள் என்று கேட்டால் என் கையெழுத்தையல்லவா காட்டுவார்கள்?

இப்படி ஒரு பொய்யை யாரும் தன்மேல் எழுதிக்கொள்ள மாட்டார்கள். நம்பு. என்னை வெறுத்துக்கொள், தலைமுழுகு, ஆனால் சாயங்காலம் சாப்பிடு.

சன்மதி


திண்டிவனம்
13.01.2026

சன்மதிக்கு.

நேற்று வந்தது. படித்தேன். அண்ணன் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான், அஞ்சலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

நம்புகிறேன். அக்டோபரில் நீ எழுதியதை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஐந்து மணி வரை கண்காட்சியில் நின்றேன், ஐந்தரைப் பேருந்தில் ஏறினேன் என்கிறாய். ஐந்து இருபதுக்குள் சாப்பிட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். எங்கே வைத்துச் சாப்பிட்டாய்? கிரயப் பத்திரமாக இருந்தால் அந்த வரியிலேயே பேனாவை நிறுத்தியிருப்பேன். அன்றைக்கே என் கண்ணில் பட்டது. பெற்ற பெண்ணின் எழுத்தில் பிழை பார்க்க மனம் வரவில்லை, டப்பாவில் கட்டிக்கொண்டு போயிருப்பாய் என்று நானே உனக்காகப் பதில் சொல்லிக்கொண்டேன்.

பசிக்குத் தின்றாய், அது உன் பாவம். அதற்குப் பிராயச்சித்தம் இருக்கிறது. பொய்யை எனக்கு மூன்று வருடம் ஊட்டினாயே, அதற்கு என்ன இருக்கிறது? ஒவ்வொரு நாளும் ஒரு மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு, என் குழந்தையும் இப்போது எழுந்திருப்பாள் என்று சந்தோஷப்பட்டேன் சன்மதி. வயிறு காந்தும்போதெல்லாம் நீ பக்கத்தில் இருப்பது போல இருந்தது. யாருமே அங்கே இல்லையா?

நியமத்தை நான் உன்னிடம் எடுக்கவில்லை. சுவாமிமுன் நின்று, என் மகள் இந்த வீட்டுக்குத் திரும்புகிற வரை என்று சொல்லி எடுத்தேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் எடுத்தேன். நீ ஏமாற்றினாய் என்பதற்காக நான் சுவாமியை ஏமாற்ற முடியாது. டாக்டர் சாயங்கால ஊசியைக் குறைத்தார், சர்க்கரை நானூறுக்கு ஏறிவிட்டது. மறுபடி கூட்டினார், நேற்று மாலை கண் இருட்டிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றேன். நடக்கிறபடி நடக்கட்டும்.

தேர்வை எழுது. எனக்காக எதையும் விட வேண்டாம். எனக்காக என்று நீ செய்ததெல்லாம் போதும்.

குசுமா


நாகானோ
15 ஜனவரி 2026

அம்மா,

இதை அண்ணன் அச்செடுத்து உன் கையில் கொடுப்பான்.

நீ என்னை சிரஞ்சீவி என்று எழுதவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அம்மா என்றுகூடக் கையெழுத்துப் போடவில்லை. போகட்டும்.

மகள் இந்த வீட்டுக்குத் திரும்புகிற வரை என்றுதானே எடுத்தாய்? வருகிறேன். எந்த மகள், எப்படிப்பட்ட மகள் என்று நீ சொல்லி எடுக்கவில்லையே. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கே எல்லோருக்கும் அதிர்ச்சி, பத்து நாள் பொறுத்தால் தேர்வு முடிந்துவிடுமே என்றார்கள். பத்து நாளில் நீ எத்தனை தடவை சுவரைப் பிடிப்பாய் என்று அவர்களுக்குத் தெரியாது. 22ஆம் தேதிக்குத்தான் டிக்கெட் கிடைத்தது.

இன்னும் ஏழு நாள். சவுரியம்மா அக்கா அதுவரை உன்னோடு படுத்துக்கொள்வாள், அமலாவின் போனில் அவளைக் கேட்டு ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். மயக்கத்தில் உன் வாயில் யார் சர்க்கரையைப் போட்டாலும் அது நீ உண்டதாகாது. அதற்கும் சேர்த்து நான் பிராயச்சித்தம் செய்கிறேன். ஏழு நாள் உயிரோடு இரு அம்மா. வேறெதையும் கேட்க மாட்டேன்.

சன்மதி


திண்டிவனம், நம் வீடு
22 ஜனவரி 2026, மாலை ஐந்து மணி

அம்மா,

நாலு மணிக்கு வந்தேன். நீ என்னைப் பார்த்தாய், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் யாரிடம் வாயசைப்பது? அதனால் எட்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். சவுரியம்மா அக்கா இதை உன் தலையணையில் வைப்பாள்.

உன் முதுகைப் பார்க்கிறேன். ரவிக்கை தொளதொளவென்று கிடக்கிறது. மூன்று வருடம் தூக்கி இறக்கி எத்தனையோ உடம்புகளைப் பார்த்திருக்கிறேன், எந்த உடம்பு எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது.

நியமம் முடிந்துவிட்டது. உன் மகள் திரும்பிவிட்டாள். இனி எனக்கும் திண்டிவனத்துச் சூரியன்தான். ஆறு ஐந்துக்குச் சாய்கிறது, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. சோறும் கீரையும் வைத்திருக்கிறது. நான் உன் அடுக்களைக்குள் போகவில்லை, அக்காவையும் விடவில்லை. அண்ணன்தான் வடித்தான், குழைந்திருக்கிறது.

என்னை மன்னிக்க வேண்டாம். என்னோடு பேச வேண்டாம். நாளைக்கே மேல்சித்தாமூர் மடத்துக்குப் போய் என்ன சொல்கிறார்களோ அதைச் செய்கிறேன். ஊசி போட்டுக்கொள், எழுந்து உட்கார், சாப்பிடு. நீ சாப்பிடாமல் இருட்டிவிட்டால் நான் என்ன செய்வேன் அம்மா? எனக்கு வேறு யாரைத் தெரியும்?

சன்மதி


(அதே காகிதத்தின் பின்புறம்)

சன்மதி,

படுத்தபடி எழுதுகிறேன், எழுத்து கோணும், சிரிக்காதே.

மீன் தின்ற வாயோடு என் எதிரில் நிற்காதே என்று எழுதத்தான் பேனாவை வாங்கினேன். ஒரு மணி நேரத்தில் பாதி போய்விட்டது, இன்னும் அதை எழுத வரவில்லை. நீயும்தான் பாதியாக இருக்கிறாய். நீ நுழைந்தபோது பார்த்தேன். ஏழு மணிக்குச் சாப்பிட்டேன் ஏழு மணிக்குச் சாப்பிட்டேன் என்கிறாயே, எங்கேடி போயிற்று அதெல்லாம்?

கோபம் அப்படியே இருக்கிறது. ஒரு நாளில் தீருகிற கோபம் இல்லை, மூன்று வருடத்துக் கோபம். அதைத் தீர்க்க நான் உயிரோடு இருந்தாக வேண்டும்.

விமானத்தில் என்ன தின்றாயோ, எனக்குத் தெரிய வேண்டாம். கிணற்றடியில் போய்த் தலையோடு ஊற்றிக்கொண்டு வா. ஊசி போட்டுக்கொண்டேன், அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். தட்டு ஒன்றுதான் எடுத்து வைத்திருக்கிறான் உன் அண்ணன், மடையன். இன்னொன்று எடுக்கச் சொல். தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

வெளிச்சம் போகிறது. சீக்கிரம் வா.

அம்மா